கைக்கு ஏற்ற பிடி: குறிபார்க்கும் கைத்துப்பாக்கியின் கதை

2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் மனு பாக்கர் இரண்டு வெண்கலம் வாங்கியதை எல்லோரும் டிவியில் பார்த்திருப்பீர்கள். பதக்கத்தைவிட அந்தப் பெண்ணின் கையில் இருந்த மரப்பிடியைத்தான் நான் அதிகம் பார்த்தேன். கோவையில் ஃபவுண்டரிகளுக்கு மரத்தில் பேட்டர்ன் செய்து 34 வருஷம் ஓட்டியவன். எங்கே மரத்தைக் கண்டாலும் கண் அங்கேதான் போகும். நம் சினிமாவில் வரும் துப்பாக்கியின் பிடிக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. மேடும் பள்ளமுமாக, மரத்தின் வேர் முடிச்சைப் பிடுங்கி வைத்தது போல இருக்கும். கட்டைவிரலுக்கு ஒரு திட்டு, உள்ளங்கைக்கு ஒரு புடைப்பு, கையின் அடிப்பக்கம் உட்கார ஒரு தட்டு. ஒருவர் பிடியில் இன்னொருவர் கை சரியாக உட்காராது.

இந்த உருவம் எப்படி வந்தது என்று தேடிப் படிக்க ஆரம்பித்தேன். ஓய்வு பெற்றவனுக்கு நேரத்துக்கா பஞ்சம்? படித்ததில் முக்கியமானதை இங்கே எழுதுகிறேன். நம் மதராஸ்கூட இந்தக் கதையில் வருகிறது.

மதராஸ் கவர்னரின் விலா

குறிபார்த்துச் சுடும் கைத்துப்பாக்கிக்கு மூதாதை, 'டூயல்' என்று வெள்ளைக்காரர்கள் நடத்திய துவந்த யுத்தத்தின் துப்பாக்கி. மானத்துக்கு இழுக்கு என்றால் விடியற்காலையில் ஆளுக்கொரு சாட்சியோடு போய் எதிரெதிரே நின்று சுட்டுக்கொள்வார்கள். கல்கத்தாவில் 1780-ல் வாரன் ஹேஸ்டிங்ஸும் பிலிப் பிரான்சிஸும் இப்படிச் சுட்டுக்கொண்டு, பிரான்சிஸ் காயம்பட்டது பாடப் புத்தகத்திலேயே உண்டு. மதராஸ் கதை அவ்வளவாகத் தெரியாது. 1784-ல் கவர்னர் மெக்கார்ட்னி பிரபு, தன் கவுன்சில் உறுப்பினர் ஆந்தனி சாட்லியரோடு டூயலுக்கு நின்றார். காயம்பட்டது கவர்னர்தான்.

அதோடு விட்டதா? மதராஸ் படைத்தலைவர் ஜெனரல் ஸ்டூவர்ட்டை 1783-ல் கைது செய்து கப்பலேற்றியவர் இதே மெக்கார்ட்னி. ஸ்டூவர்ட் அந்த வஞ்சத்தை மனதில் வைத்திருந்து, 1786-ல் லண்டனில் அவரை டூயலுக்கு அழைத்தார். காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் பொள்ளிலூரில் ஹைதர் அலி படையோடு நடந்த சண்டையில் ஒரு காலை இழந்தவர் ஸ்டூவர்ட். நிற்க முடியாமல் ஒரு மரத்தில் முதுகைச் சாய்த்துக்கொண்டு சுட்டார். மெக்கார்ட்னிக்கு மறுபடியும் காயம்.

டூயல் துப்பாக்கிகள் ஜோடியாக, வெல்வெட் பெட்டியில் வரும். ஒரே முறைதான் சுட வாய்ப்பு என்பதால் அதில் நுணுக்கம் அதிகம். டிரிக்கரை விரலால் பலமாக இழுத்தால் குழாய் ஆடும். அதற்காக உள்ளே ஒரு சின்ன வில்லை முன்கூட்டியே ஏற்றி வைத்து, விரல் பட்டாலே வெடிக்கும்படி செய்தார்கள். கை நழுவாதிருக்க, சில துப்பாக்கிகளில் பிடிக்கு மேலே ரம்பக் கைப்பிடி போல ஒரு கொம்பு நீட்டினார்கள். இன்றைய பந்தயத் துப்பாக்கியில் இருக்கும் மென்மையான டிரிக்கர், கையைக் கவ்வும் பிடி இரண்டுக்கும் விதை அங்கேதான்.

1896-ல் ஏதென்ஸ் முதல் ஒலிம்பிக்கிலேயே கைத்துப்பாக்கிப் போட்டி இருந்தது. அமெரிக்காவிலிருந்து வந்த ஜான் பெய்ன், சம்னர் பெய்ன் என்ற அண்ணன் தம்பி இருவரும் ஆளுக்கொரு போட்டியில் ஜெயித்தார்கள். 1908 லண்டனில் மெழுகுக் குண்டு போட்டு, முகமூடி மாட்டி, ஆளையே ஆள் சுடும் டூயலைக் காட்சிப் பந்தயமாக நடத்தினார்கள். 1912 ஸ்டாக்ஹோமில் டூயல் துப்பாக்கிப் போட்டி என்ற பெயரிலேயே 30 மீட்டரில் ஒரு போட்டி. ஆல்ஃபிரட் லேன் என்ற அமெரிக்க இளைஞர் ஜெயித்தார். அதில் இலக்கு, மனித உருவ அட்டை. வேகமாகச் சுடும் 25 மீட்டர் போட்டியில் அந்த மனித உருவம் 1980-களின் கடைசி வரை இருந்தது. பிறகுதான் வட்ட இலக்கு வந்தது. ஒரு கையை நீட்டி, நின்றபடி, இன்னொரு கையின் உதவியில்லாமல் சுட வேண்டும் என்ற விதி மட்டும் இன்றும் அப்படியே.

வலது கை போனவர்

இந்தக் கதையில் என் மனதைப் பிடித்தவர் ஹங்கேரிக்காரர் கரோலி டகாச். 1910-ல் புடாபெஸ்டில் பிறந்தவர். ராணுவத்தில் சார்ஜெண்ட். 1936-லேயே அந்த நாட்டின் முதல்தரச் சுடுவீரர்களில் ஒருவர். ஆனாலும் பெர்லின் ஒலிம்பிக் அணியில் இடம் கொடுக்கவில்லை. அதிகாரிகள் மட்டுமே போகலாம், சார்ஜெண்ட் போகக்கூடாது என்று அங்கே விதி.

1938-ல் பயிற்சியின்போது கோளாறான ஒரு கையெறி குண்டு அவர் வலது கையிலேயே வெடித்தது. சுடும் கை அதுதான். ஒரு மாதம் ஆஸ்பத்திரி. வெளியே வந்ததும் யாருக்கும் சொல்லாமல் இடது கையால் பழக ஆரம்பித்தார். 1939-ல் தேசியப் போட்டிக்கு வந்தபோது, வேடிக்கை பார்க்க வந்திருக்கிறார் என்று நினைத்து மற்ற வீரர்கள் ஆறுதல் சொன்னார்களாம். போட்டியில் ஜெயித்தவர் அவர்.

அடுத்த ஒலிம்பிக் 1940-ல். போர் வந்து நடக்கவில்லை. 1944-ம் போயிற்று. 1948-ல் லண்டனுக்கு வந்தபோது டகாச்சுக்கு வயது 38. அர்ஜென்டினாவின் உலக சாம்பியன் சயென்ஸ் வாலியெந்தே அவரைப் பார்த்து எதற்கு வந்தீர்கள் என்று கேட்க, கற்றுக்கொள்ள வந்தேன் என்றாராம் இவர். 25 மீட்டர் வேகப் போட்டியில் 580 புள்ளி, உலக சாதனை, தங்கம். வாலியெந்தேவுக்கு வெள்ளி. போதுமான அளவு கற்றுக்கொண்டுவிட்டீர்கள் என்று அவர் பதிலுக்குச் சொன்னதாகக் கதை. நான்கு வருஷம் கழித்து ஹெல்சிங்கியில் 42 வயதில் மறுபடியும் தங்கம்.

இதில் மனஉறுதியைப் பற்றி எல்லோரும் எழுதுகிறார்கள். நான் தொழில்காரனாகப் பார்த்தது வேறு. வலது கைக்காரனின் பிடியை இடது கையில் பிடிக்கவே முடியாது. கட்டைவிரல் திட்டு மறுபக்கம், புடைப்பு மறுபக்கம். பேட்டர்னில் இடது, வலது ஜோடி செய்தவர்களுக்குத் தெரியும், கண்ணாடியில் பார்ப்பது போல எல்லாவற்றையும் புரட்டிப் போட வேண்டும். கையும் பிடியும் கண்ணும் மூன்றையும் அவர் முதலிலிருந்து சேர்த்திருக்கிறார்.

தலைகீழ் துப்பாக்கி

போருக்குப் பிறகு போட்டித் துப்பாக்கி செய்வது தனித் தொழிலாக வளர்ந்தது. சுவிட்சர்லாந்தில் லென்ஸ்பர்க் ஊரின் ஹேமர்லி, ஜெர்மனியின் வால்டர், ரஷ்யாவின் தூலா தொழிற்சாலை எல்லாம் பெயர்பெற்றவை. இதில் 50 மீட்டர் 'ஃப்ரீ பிஸ்டல்' என்ற போட்டிதான் தொழில்காரர்களின் சொர்க்கம். 'ஃப்ரீ' என்றால் விதி குறைவு என்று பொருள். .22 குண்டு, ஒவ்வொன்றாகப் போட்டுச் சுட வேண்டும், கண்ணாடி லென்ஸ் வைத்த குறி கூடாது. டிரிக்கர் எவ்வளவு லேசாகவும் இருக்கலாம். பிடி கையை முழுக்கச் சுற்றிக்கொள்ளலாம், மணிக்கட்டைத் தாங்கக் கூடாது. அவ்வளவுதான். நடு வட்டத்தின் விட்டம் 50 மில்லிமீட்டர். அதாவது ஒரு தெரு நீளத்துக்கு அப்பால் இருக்கும் எலுமிச்சம்பழத்தை, ஒற்றைக் கையை நீட்டி அடிப்பது போல. 60 தடவை.

எஃபிம் ஹைதுரோவ் என்ற சோவியத் வடிவமைப்பாளர் செய்த 'தோஸ்-35' தான் இதில் பல வருஷம் கொடிகட்டியது. 1980 மாஸ்கோ ஒலிம்பிக்கில் அலெக்சாண்டர் மெலன்தியேவ் எடுத்த 581 புள்ளியை 34 வருஷம் யாரும் தாண்டவில்லை. 2014-ல் கொரியாவின் ஜின் ஜாங்-ஓ 583 எடுத்தார். அதே போட்டியில் வெள்ளி வாங்கியவர் நம் ராணுவ வீரர் ஜீது ராய்.

சோவியத்காரர்கள் 1950-களில் இன்னொரு வேலையும் செய்தார்கள். சுடும்போது துப்பாக்கி மேல்நோக்கித் துள்ளுவதற்குக் காரணம், குழாய் கைக்கு மேலே இருப்பது. குழாயைக் கையின் மட்டத்துக்குக் கீழே கொண்டுவந்தால்? துப்பாக்கியைத் தலைகீழாகக் கவிழ்த்தது போல ஒன்றைச் செய்து 1956 மெல்போர்னுக்குக் கொண்டுவந்தார்கள். உதை நேராகக் கைக்குள் போகும், அடுத்த குண்டுக்குக் குறி கலையாது. பிறகு விதியை மாற்றி அதற்குத் தடை போட்டுவிட்டார்கள்.

விதி போடுபவனும் தொழில்காரனும் இப்படித்தான் துரத்திப் பிடித்து விளையாடியிருக்கிறார்கள். இன்று 10 மீட்டர் காற்றுத் துப்பாக்கி 420, 200, 50 மில்லிமீட்டர் அளவுள்ள பெட்டிக்குள் அடங்க வேண்டும். எடை ஒன்றரைக் கிலோவுக்கு மேல் கூடாது. துப்பாக்கியைச் செங்குத்தாகப் பிடித்து டிரிக்கரில் 500 கிராம் எடைக்கல்லைத் தொங்கவிட்டால் அது விடுபடாமல் தூக்க வேண்டும். பிடி கையைச் சுற்றி வளைக்கக் கூடாது. போட்டிக்கு முன்னால் ஒவ்வொன்றையும் அளந்து பார்த்துத்தான் ஸ்டிக்கர் ஒட்டுகிறார்கள்.

இவ்வளவு பார்த்துப் பார்த்துச் செய்தும் இயந்திரம் இயந்திரம்தான். 2021 டோக்கியோவில் மனு பாக்கருக்குத் தகுதிச் சுற்றின் நடுவிலேயே துப்பாக்கியின் லீவர் உடைந்தது. அதைச் சரிசெய்ய வெளியே போய் வந்ததில் நிமிஷங்கள் கரைந்தன. மீதிக் குண்டுகளை அவசரமாகச் சுட்டு 575 எடுத்தார். பன்னிரண்டாவது இடம். இறுதிச் சுற்றுக்கு இரண்டு புள்ளி குறைவு. அழுதுகொண்டு திரும்பிய அந்தப் பெண் மூன்று வருஷம் கழித்து பாரிஸில் நின்றாள்.

வீட்டில் துப்பாக்கியா?

இனி என் வீட்டு விஷயம். என் மகள் வயிற்றுப் பேத்தி பள்ளியில் படிக்கும்போதே ரைஃபிள் கிளப்பில் காற்றுத் துப்பாக்கி பழகினாள். மாவட்ட அளவுக்கு வந்தபின் கிளப் துப்பாக்கி போதாது, சொந்தமாக வேண்டும் என்ற பேச்சு எழுந்தது. விலை ஒரு லட்சத்துக்கு மேல். மாப்பிள்ளை பணத்தைப் பற்றி யோசித்தார். என் வீட்டுக்காரம்மா யோசித்தது வேறு. "பள்ளிக்கூடத்துல புகுந்து சுட்டான்னு பேப்பர்ல வருதேங்க, அந்தச் சாமானை நம்ம வீட்டுல எதுக்கு வைக்கோணும்?" என்றார்.

அந்தக் கேள்வியை நான் லேசாக எடுக்கவில்லை. ஸ்காட்லாந்தில் டன்பிளேன் என்ற ஊரில் 1996 மார்ச் 13 அன்று ஒருவன் பள்ளிக்குள் நுழைந்து 16 குழந்தைகளையும் ஓர் ஆசிரியையையும் கொன்றான். அவன் வைத்திருந்தவை லைசென்ஸ் உள்ள கைத்துப்பாக்கிகள். கிளப்பில் சுடுபவன் என்றுதான் அவனுக்கு லைசென்ஸ். மறு வருஷமே பிரிட்டனில் கைத்துப்பாக்கிகளுக்குத் தடை வந்தது. முதலில் பெரியவற்றுக்கு, பிறகு போட்டியில் பயன்படும் .22-க்கும். பல வருஷம் செதுக்கிச் செதுக்கிக் கைக்குப் பொருத்திய துப்பாக்கிகளை வீரர்கள் கொண்டுபோய் ஒப்படைத்தார்கள். காமன்வெல்த் போட்டிகளில் 18 பதக்கம் வாங்கிய மிக் கால்ட் போன்றவர்களுக்கே அதன்பின் சொந்த நாட்டில் .22 பழகுவது பெரும்பாடாயிற்று. 2002 மான்செஸ்டர் போட்டிக்குத் தனி அனுமதி கொடுக்க வேண்டியிருந்தது. வீரர்களின் வருத்தம் நியாயமானது. 16 பெட்டிகளைச் சுமந்த அந்த ஊர்க்காரர்களின் முன்னால் அதைச் சொல்ல எனக்கு வாய் வராது.

நம் நாட்டில் .22 கைத்துப்பாக்கி வைக்க 1959 ஆயுதச் சட்டப்படி லைசென்ஸ் வேண்டும். தேர்தல் அறிவித்தால் லைசென்ஸ் துப்பாக்கிகளைப் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைப்பதை நம் ஊரில் பார்த்திருக்கிறோம். 1951-ல் மக்களவையின் முதல் சபாநாயகர் மாவலங்கரைத் தலைவராகக் கொண்டு தேசிய ரைஃபிள் சங்கம் தொடங்கியது. அந்தச் சங்கத்தின் படிகளில் ஏறித்தான் ஒரு வீரர் மேலே வர முடியும். பேத்தி பழகியது காற்றுத் துப்பாக்கி, 4.5 மில்லிமீட்டர் ஈயக்குண்டு. ஆனாலும் வீட்டுக்காரம்மாவுக்குச் சில உறுதிகள் கொடுத்தோம். துப்பாக்கி பீரோவில், பூட்டுக்குள். குண்டு வேறு அறையில். சாவி மாப்பிள்ளையிடம். வெளியே எடுத்தால் குழாயில் ஆரஞ்சு நிறப் பாதுகாப்புக் கம்பி செருகியிருக்க வேண்டும், அப்போதுதான் உள்ளே குண்டு இல்லையென்று யார் பார்த்தாலும் தெரியும். கிளப்பிலும் அதுதான் விதி. அவர் முழு மனதோடு ஒத்துக்கொண்டார் என்று சொல்லமாட்டேன். ஒத்துக்கொண்டார்.

அரமும் உப்புத்தாளும்

வெளிநாட்டிலிருந்து வந்த துப்பாக்கியில் வால்நட் மரப்பிடி. சின்னது, நடுத்தரம், பெரியது என்று மூன்று அளவில்தான் வருகிறது. பேத்தியின் கை நீளம், ஆனால் ஒல்லி. நடுத்தரம் வாங்கினோம். விரல் எட்டியது, உள்ளங்கையில் சந்து விழுந்தது.

"அப்புச்சி, நீங்க பாருங்க" என்று கொண்டுவந்து நீட்டினாள். பிடியை மட்டும் கழற்றி வாங்கிக்கொண்டேன்.

குறி பார்ப்பதில் உள்ள கணக்கை முதலில் சொல்லிவிடுகிறேன். முன்குறிக்கும் பின்குறிக்கும் இடையே சுமார் 33 சென்டிமீட்டர். முன்குறி ஒரு மில்லிமீட்டர் விலகினால் 10 மீட்டரில் குண்டு 30 மில்லிமீட்டர் விலகும். நடு வட்டம் 11.5 மில்லிமீட்டர்தான். பத்து எடுக்க வேண்டிய இடத்தில் ஏழு. ஆகவே கை துப்பாக்கியைச் சரிசெய்து பிடிக்க வேண்டிய நிலையே இருக்கக் கூடாது. பிடித்ததுமே சரியாக இருக்க வேண்டும்.

அதைச் சோதிக்க ஒரு பழைய வழி உண்டு. கண்ணை மூடிக்கொண்டு கையை நீட்டிப் பிடிக்க வேண்டும். பிறகு கண்ணைத் திறந்து பார்த்தால் முன்குறி பின்குறியின் பள்ளத்துக்கு நடுவே நிற்க வேண்டும். பேத்திக்கு ஒவ்வொரு முறையும் முன்குறி இடது பக்கம் ஒதுங்கி நின்றது.

எங்கள் தொழிலில் இரண்டு பரப்பு பொருந்துகிறதா என்று பார்க்க ப்ளூ தடவுவோம். கைக்கு அது ஒத்துவராது என்று சாக்பீஸ் பொடியைத் தடவிப் பிடிக்கச் சொன்னேன். பொடி ஒட்டிய இடம் மேடு, ஒட்டாத இடம் பள்ளம். பள்ளத்தில் மரத்தூள் கலந்த புட்டி வைத்து, ஒரு நாள் காயவிட்டு, அரைவட்ட அரத்தால் ராவி, 120 உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். மறுபடி பொடி. மறுபடி கண்ணை மூடு, திற. பேட்டர்னில் உலோகம் சுருங்குவதற்குக் கொஞ்சம் கூட்டிச் செய்வோம். இதில் கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. ஒன்பது நாள் ஆனது. அடித்தட்டைக் கையோடு இறுக்க நினைத்தாள். இறுக்கினால் பரிசோதனையில் தள்ளிவிடுவார்கள் கண்ணு, ஒரு காகிதம் நுழையும் அளவு விடு என்று விதியைக் காட்டினேன். மேலே வார்னிஷ் அடிக்கவில்லை. வேர்வை கையில் வழுக்கும்.

பத்தாம் நாள் அவள் கண்ணைத் திறந்தபோது முன்குறி நடுவில் நின்றது. பேசாமல் ஐந்து முறை திரும்பத் திரும்பச் செய்து பார்த்தாள். அடுத்த மாநிலப் போட்டியில் பரிசோதனை மேஜையில் துப்பாக்கி பெட்டிக்குள் அடங்கியது, எடைக்கல்லைத் தூக்கியது, ஸ்டிக்கர் ஒட்டினார்கள். பதக்கம் வரவில்லை. முந்தைய போட்டியைவிட ஒன்பது புள்ளி கூட எடுத்திருந்தாள்.

அந்த 50 மீட்டர் ஃப்ரீ பிஸ்டல் போட்டி ஒலிம்பிக்கில் 2016 ரியோவோடு நின்றுவிட்டது. ஜின் ஜாங்-ஓ தொடர்ந்து மூன்றாவது தங்கம் வாங்கியது அங்கேதான். பெண்களுக்கும் சம இடம் தர கலப்பு அணிப் போட்டிகளைச் சேர்த்தபோது இதை எடுத்தார்கள். எடுத்த காரணம் நல்ல காரணம். உலக சாம்பியன்ஷிப்பில் இன்னும் நடக்கிறது. 2018-ல் நம் ஓம் பிரகாஷ் மிதர்வால் அதில் தங்கம் வாங்கினார்.

பேரன் பேத்தி யாராவது இந்த விளையாட்டுக்கு ஆசைப்பட்டால், துப்பாக்கி வாங்க அவசரப்படாதீர்கள். ஒரு வருஷம் கிளப் துப்பாக்கியில் பழகட்டும். வாங்கும்போது கை அளவைப் பார்த்து வாங்குங்கள், பூட்டுள்ள பீரோவை முதலில் வாங்குங்கள். பிடி பொருந்தவில்லை என்றால் உங்கள் ஊரிலும் ஒரு பழைய பேட்டர்ன்காரரோ நல்ல ஆசாரியோ சும்மா உட்கார்ந்திருப்பார். கேட்டுப் பாருங்கள், சந்தோஷமாகச் செய்து கொடுப்பார்.